ஹேமிட்ச் கதை படமாகிறது: கேபிடல் காட்டியதைக் காட்டுவார்களா, நடந்ததைக் காட்டுவார்களா?

அல்சூர் பூங்கொடி

சுசான் காலின்ஸின் 'சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்' 2026 நவம்பர் 20 அன்று படமாக வருகிறது. நாவல் வந்தது 2025 மார்ச்சில்தான். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் திரைக்கு வந்துவிடும். எனக்கு ஆசையும் பயமும் சம அளவில் இருக்கிறது. அந்தப் பயம் எதைப் பற்றியது என்று சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஹங்கர் கேம்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி. பனெம் என்ற நாடு. நடுவில் கேபிடல் என்ற தலைநகரம், சுற்றிலும் அதற்கு உழைத்துப்போடும் 12 மாவட்டங்கள். பழைய கிளர்ச்சிக்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் வருடத்துக்கு ஒரு பையன், ஒரு பெண், 12 வயதிலிருந்து 18 வயதுக்குள், சீட்டுப் போட்டு எடுப்பார்கள். 24 பேரையும் ஒரு களத்தில் இறக்கிவிட்டு, ஒருவர் மிஞ்சும் வரை சாகவிட்டு, அதை நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். 25 வருடத்துக்கு ஒருமுறை விசேஷ விதி. ஐம்பதாவது விளையாட்டில் இரண்டு மடங்கு: 48 பிள்ளைகள். அந்த வருடம் ஜெயித்தவன் ஹேமிட்ச். முந்தைய படங்களில் வுடி ஹாரெல்சன் நடித்த அந்தக் குடிகார ஆசான்தான் இங்கே பதினாறு வயதுப் பையன். முதல் மூன்று நாவல்களின் நாயகி காட்னிஸ் களத்துக்குப் போவதற்கு 24 வருடம் முந்தைய கதை.

இப்போது என் கவலை. 2009இல் வந்த 'கேட்சிங் ஃபயர்' நாவலில் காட்னிஸும் அவளோடு களத்துக்குப் போன பீட்டாவும் ஓடும் ரயிலில் உட்கார்ந்து ஹேமிட்சின் விளையாட்டை ஒளிப்பதிவில் பார்ப்பார்கள். அழகான புல்வெளி, தங்க நிற அணில்கள், மலை உச்சியில் பனி. எல்லாமே கொல்லும். கடைசியில் பாறை விளிம்பில் எதிராளி வீசிய கோடரி, கண்ணுக்குத் தெரியாத தடுப்பில் மோதி, வீசியவளையே திரும்ப வந்து தாக்கும். நாம் எல்லோரும் அதைத்தான் ஹேமிட்சின் கதை என்று இத்தனை வருடம் நம்பினோம். புது நாவல் சொல்வது: அந்த ஒளிப்பதிவு வெட்டி ஒட்டியது. நடந்தது வேறு.

இந்தப் புத்தகத்தின் உயிரே அதுதான். ஆள் எடுக்கும் நாளில் ஒரு பையன் தப்பித்து ஓடுகிறான், சுட்டுவிடுகிறார்கள். கூட்டம் அலறுகிறது. பிணத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும் தாய்க்கு ஒரு பெண் துணை நிற்கிறாள். அவளை அடிக்க வருபவர்களைத் தடுக்கக் குறுக்கே விழுந்ததற்காக ஹேமிட்சைப் பிடித்து, செத்தவனுக்குப் பதிலாக நிறுத்துகிறார்கள். அப்புறம் எல்லோரையும் பழையபடி நிற்கவைத்து, சீட்டில் அவன் பெயர் வந்தது மாதிரியே மறுபடி எடுக்கிறார்கள். நாடு பார்த்தது இந்த இரண்டாவது தடவையை. அன்று அவனுக்குப் பிறந்தநாள் வேறு.

எழுத்தில் இது சுலபம். ஹேமிட்ச் 'நான்' என்று சொல்கிறான், நாம் நம்புகிறோம். திரையிலோ எல்லாமே கேமரா வழியாகத்தான் வரும். பொய் சொல்லும் கேமராவையும் உண்மை சொல்லும் கேமராவையும் பார்ப்பவர்கள் எப்படிப் பிரித்து அறிவார்கள்? இதைச் சரியாகச் செய்யாவிட்டால் படம் வெறும் சண்டைப் படமாகிவிடும்.

முடிவை யாரும் உடைக்க வேண்டாம். நடுக்கதையைத் தொட்டால் முன்கூட்டியே எச்சரியுங்கள்.

கோரமங்களா கார்த்தி

பூங்கொடி அக்கா, முதல் நாள் முதல் காட்சிக்கு நான் தயார். இயக்குநர் பிரான்சிஸ் லாரன்ஸ் என்பதே எனக்குப் போதும். 2012இல் முதல் படத்தை கேரி ராஸ் எடுத்தார். 2013லிருந்து 2023இல் வந்த, பனெம் அதிபர் ஸ்னோவின் கதை வரை எல்லாமே லாரன்ஸ்தான். அந்த உலகம் அவருக்கு அத்துபடி.

'கேட்சிங் ஃபயர்' படத்தை ஐமேக்ஸில் பார்த்தவர்களைக் கேளுங்கள். காட்னிஸ் கண்ணாடிக் குழாய்க்குள் நின்று மேலே எழும்பிக் களத்துக்கு வரும்போது, திரையின் மேலும் கீழும் இருந்த கறுப்புப் பட்டைகள் விலகி, படம் முழு உயரத்துக்கும் விரியும். களத்துக் காட்சிகளை ஐமேக்ஸ் கேமராவிலேயே எடுத்தார்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் கையிலேயே பதில் இருக்கிறது. ஒளிபரப்புக்கு ஒரு திரை அளவு, நிஜத்துக்கு ஒரு திரை அளவு. முடிந்தது.

நடிகர்களும் எனக்குத் திருப்திதான். ஹேமிட்சாக ஜோசப் ஸாடா, அவனோடு களத்துக்குப் போகும் மேசிலியாக மெக்கென்னா கிரேஸ், ஸ்னோவாக ரேஃப் ஃபைன்ஸ். விளையாட்டின் தொலைக்காட்சித் தொகுப்பாளர் சீசர் ஃபிளிக்கர்மேனாக கீரன் கல்கின் என்றதும் துள்ளினேன்.

புதுவாசகன்

நான் புத்தகம் எதுவும் படிக்கவில்லை, படங்கள் மட்டும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோடரிக் காட்சி எனக்கு ஞாபகமே இல்லையே? எந்தப் படத்தில் வருகிறது?

அல்சூர் பூங்கொடி

எதிலும் இல்லை. 2013 படத்தில் அந்த ரயில் காட்சியை விட்டுவிட்டார்கள். அன்றைக்கே எனக்கு மனசு ஆறவில்லை. ஹேமிட்ச் ஏன் குடிக்கிறான் என்பதற்கான பாதி விடை அதில்தான் இருந்தது.

எடிட்டர் பாலு

இந்த இழையில் நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது! இங்கே பெங்களூரில் தொலைக்காட்சி ரியாலிட்டி நிகழ்ச்சிகளுக்கு எடிட்டிங் செய்வதுதான் என் பிழைப்பு. எந்தச் சேனல் என்பது வேண்டாம். வேலை எப்படி நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு போட்டியாளர் மேடையில் பேசுகிறார். கீழே இருப்பவர் முகம் சுளிக்கிறார். அடுத்த நாள் ஊரே 'அவளைப் பார்த்து இவள் முகம் சுளித்தாள்' என்று பேசும். அந்தச் சுளிப்பு இரண்டு மணி நேரம் முன்பு, விளக்குச் சூடு தாங்காமல் வந்ததாக இருக்கும். ரஷ், அதாவது எடுத்த மொத்தக் காட்சிகள் முழுக்கத் தேடி, பொருத்தமான ரியாக்ஷன் ஷாட்டை எடுத்து வந்து நடுவில் வைப்போம். கீழே ஒரு இசை போட்டுவிட்டால் தீர்ந்தது. சொல்லப்போனால் பொய் அந்த ஷாட்டில் இல்லை, இரண்டு ஷாட்டை அருகருகே வைப்பதில் இருக்கிறது.

காலின்ஸ் இதை ஒரு எடிட்டர் மாதிரி எழுதியிருக்கிறார். கேபிடலுக்காகப் படம் எடுக்கும் ப்ளூடார்க், பிள்ளைகளை அவர்கள் குடும்பத்தாரைக் கடைசியாக ஒருமுறை சந்திக்கவிடுகிறான், பதிலுக்குக் கேமராவுக்கு முன்னால் கண்ணீர் வேண்டும் என்கிறான். அந்தக் கண்ணீர் பொய்யா? இல்லை, நிஜக் கண்ணீர். எடுக்கிறவன் கெட்டவனா? அதற்கும் சுலபமான பதில் கிடையாது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்று நான் டைம்லைனைத் திறக்கவே இல்லை.

கார்த்தி தம்பி, திரை அளவை மாற்றுவது நல்ல யோசனைதான். ஆனால் ஐமேக்ஸில் தெரிவது சாதாரண திரையரங்கில் தெரியாது. வீட்டில் கைபேசியில் பார்ப்பவருக்குச் சுத்தமாகத் தெரியாது. என்னைக் கேட்டால் வித்தியாசத்தை ஒலியில் வைக்க வேண்டும். கேபிடல் ஒளிபரப்பில் சீசரின் குரல், பின்னணி இசை, கைதட்டல் எல்லாம் இருக்கட்டும். ஹேமிட்ச் பார்ப்பதில் இசையே கூடாது. முதல் படத்தில் களத்துக்குள் இறங்கியதும் நடக்கும் கொலைகளில் ஆயுதச் சத்தத்தைக் குறைத்து, கேமராவைக் கையில் ஆட்டி எடுத்திருந்தார்கள். தலை சுற்றுகிறது என்று பலர் திட்டினார்கள். எனக்கு அந்தக் காட்சி பிடித்தது, ஏனென்றால் அந்தக் கொலைகளை அங்கே ரசிக்க முடியாது.

கோரமங்களா கார்த்தி

பாலு அண்ணா, இசையே இல்லாமல் இரண்டு மணி நேரம் ஓட்டினால் தியேட்டரில் ஆள் இருக்க மாட்டார்கள். ஐந்து படத்துக்கும் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்ட் இசை. அதுவும் இந்தக் கதையில் ஹேமிட்சின் காதலி லெனோர் டவ் பாடகர் கூட்டத்துப் பெண். பாட்டு இல்லாமல் எப்படி?

எடிட்டர் பாலு

பாட்டு இருக்கட்டும், நிச்சயம் வேண்டும். அவள் பாடினால் அது கதைக்குள் நடப்பது. நான் சொல்வது, நம்மை அழச் சொல்லும் வயலின்களை. கேபிடலும் அதே வயலின்களைத்தான் போடும் இல்லையா? படமும் போட்டால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஜாலஹள்ளி மூர்த்தி

பிள்ளைகள் பேசுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. என் பேத்தி சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடை ஒன்றில் இந்த வரிசையை வாங்கி வந்தாள். அவள் முடித்ததும் நான் எடுத்துக்கொண்டேன். 'கேட்சிங் ஃபயர்' பிரதியில், முன்பு வைத்திருந்த யாரோ அந்த ரயில் காட்சி முழுக்கப் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 'இது எப்படி முடியும்?' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். 2025 நாவல் வருவதற்கு முன்பே ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது!

எனக்கு உடனே ஞாபகம் வந்தது 'என் இனிய இயந்திரா'. சுஜாதா இதே ஊரில் பி.இ.எல். நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது, அப்புறம் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. கதை நடப்பது 2021இல். நாட்டை ஆளும் ஜீவாவை எல்லோரும் திரையில் பார்க்கிறார்கள், வணங்குகிறார்கள். இத்தனை வருடம் கழித்துச் சொன்னால் தப்பில்லை: ஜீவா என்று ஒரு மனிதனே கிடையாது, ஒளியால் உண்டாக்கிய வெறும் உருவம் (ஹோலோகிராம்). காணாமல் போன கணவனைத் தேடிப் போகும் நிலாவுக்கு, ஜீனோ என்ற இயந்திர நாயின் துணையோடு அது தெரியவரும்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சுஜாதா நம்மையும் நிலாவோடு சேர்த்து ஏமாற்றிவிட்டு, பின்னால் உடைத்தார். காலின்ஸ் முதலிலேயே உண்மையைக் காட்டிவிட்டு, அது எப்படிப் பொய்யாகிறது என்று பார்க்க வைக்கிறார். படத்துக்குச் சுஜாதா வழிதான் சரி என்பேன். முதலில் ஒளிபரப்பைக் காட்டுங்கள், பார்ப்பவர் நம்பட்டும். பிறகு நடந்ததைக் காட்டுங்கள். ஏமாந்தவனுக்குத்தான் கோபம் வரும்.

அல்சூர் பூங்கொடி

மூர்த்தி சார், அந்தப் பென்சில் கோட்டைப் பற்றிப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் உங்கள் யோசனையோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த நாவலில் நாம் அந்தப் பையனின் பக்கத்திலேயே நிற்கிறோம். அவனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும், நாட்டுக்குத் தெரியாது. உண்மை தெரிந்தும் வாய் திறக்க முடியாத அந்தத் தவிப்புதான் பிற்காலத்தில் அவனைப் பாட்டிலுக்குத் தள்ளுகிறது. முதலில் பொய்யைக் காட்டினால் பார்ப்பவர் கேபிடல்காரர் இடத்தில் உட்கார்ந்துவிடுவார். ஹேமிட்ச் தள்ளிப் போய்விடுவான்.

எடிட்டர் பாலு

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புத்தகம் படித்தவர்களுக்கு அந்தப் பொய் ஒளிப்பதிவு 2009லிருந்தே மனதில் இருக்கிறது. அதனால்தான் புது நாவலில் ஒவ்வொரு பக்கமும் 'அடடா, அப்போது பார்த்தது இதுவா' என்று உறைத்தது. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு, புதுவாசகன் மாதிரி, உடைப்பதற்கு எதுவுமே இல்லை. 2013இல் அந்தக் காட்சியை வெட்டியதற்கு 2026இல் விலை கொடுக்க வேண்டும். ஆகவே பொய்யை எங்கேயாவது ஓரிடத்தில் காட்டித்தான் ஆக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

புதுவாசகன்

நீங்கள் பேசுவதைப் பார்த்தால் புத்தகத்தைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போவதுதான் நல்லது போல. நேராக இந்த நாவலிலிருந்து ஆரம்பிக்கலாமா?

அல்சூர் பூங்கொடி

வேண்டாம். 'ஹங்கர் கேம்ஸ்' (2008), 'கேட்சிங் ஃபயர்' (2009), 'மாக்கிங்ஜே' (2010) மூன்றையும் வரிசையாக முடியுங்கள். நேரம் இருந்தால் 2020இல் வந்த ஸ்னோவின் இளமைக் கதை. கடைசியில் இது. பாலு சொன்ன காரணத்துக்காகவே, ரயில் காட்சியை முதலில் நீங்கள் நம்ப வேண்டும்.

பாலு கேட்ட 'எங்கே' என்பதற்கு எனக்குத் தோன்றுவது: நாவலுக்குள்ளேயே இடம் இருக்கிறது. பிள்ளைகளை ரயிலில் ஏற்றிய பிறகு, அன்றைய ஆள் எடுப்பின் தொகுப்பு தொலைக்காட்சியில் ஓடும். சற்று முன் நாம் கண்ணால் கண்டது இப்போது துடைத்து மினுக்கிய வடிவத்தில் வரும், அதை ஹேமிட்ச் முகத்தோடு சேர்த்துப் பார்ப்போம். அதேபோல ஜெயித்தவனை மேடையில் உட்காரவைத்து முழு விளையாட்டின் தொகுப்பையும் காட்டுவது கேபிடல் வழக்கம். பொய் முழுதாக வர வேண்டிய இடம் அதுதான். அந்தத் தொகுப்பை அவசரமாகத் தாண்டாமல், கோடரி வரை முழுசாக ஓடவிட வேண்டும், அவன் முகம் ஒரு மூலையில் இருக்க. பார்ப்பவருக்கு அப்போது இரண்டும் தெரியும்.

ரேவதி பானஸ்வாடி

என் மகளுக்கு 13 வயது. வகுப்பில் பாதிப் பேர் இதைப் படித்துவிட்டார்கள், படத்துக்குக் கூட்டிப் போ என்று இப்போதே நச்சரிக்கிறாள். 48 பிள்ளைகளில் ஒருவனைத் தவிர எல்லோரும் சாகிற படம் என்பதைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்குகிறது. அழைத்துப் போகலாமா?

எடிட்டர் பாலு

ரேவதிம்மா, இந்தியச் சான்றிதழைப் பாருங்கள். 2024இல் விதி மாறி, யு/ஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். எந்த எண் என்பது வெளியீட்டின்போது தெரியும். முதல் படத்துக்கே பிரிட்டனில் 12ஏ சான்றிதழ் வாங்க ஏழு வினாடி ரத்தக் காட்சியை வெட்டினார்கள். வன்முறை இருக்கும், ஆனால் நின்று ரசித்துக் காட்டும் வகை இருக்காது.

அல்சூர் பூங்கொடி

ரேவதி அக்கா, புத்தகத்தை நீங்களும் படித்துவிட்டு அவளோடு சேர்ந்து போங்கள் என்பதே என் எண்ணம். பதின்மூன்று வயதில் கையில் கைபேசியோடு இருக்கும் பிள்ளைக்கு, ஒரு காணொளி எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்று தெரிவது ரொம்ப அவசியம். இந்தக் கதை அதைச் சொல்வது மாதிரி வேறு எதுவும் சொல்லி நான் படித்ததில்லை. நாவலின் முகப்பில் டேவிட் ஹியூமின் மேற்கோள் இருக்கிறது: பலரைச் சிலர் இவ்வளவு எளிதாக ஆள்வது எப்படி என்ற ஆச்சரியம் பற்றியது. பிள்ளையோடு உட்கார்ந்து பேச அந்த ஒரு பக்கமே போதும்.

கோரமங்களா கார்த்தி

எச்சரிக்கை: நடுக்கதை வருகிறது. படிக்காதவர்கள் இந்தப் பதிவையும் அடுத்ததையும் தாண்டிப் போகவும்.

நாவலை ஒரே படமாக எடுக்கிறார்கள். 'மாக்கிங்ஜே'வை 2014, 2015 என்று இரண்டாக உடைத்து ஜவ்வாக இழுத்தார்கள். டைவர்ஜென்ட் வரிசையிலும் கடைசி நாவலை உடைத்து, 2016இல் முதல் பாதி ஓடாமல் போய், அடுத்த பாதி எடுக்கப்படவே இல்லை. ஆகவே ஒரே படம் என்பது நல்ல முடிவு. ஆனால் எதையாவது வெட்ட வேண்டுமே. கேபிடலில் நடக்கும் பயிற்சி, அலங்காரம், பேட்டி எல்லாம் முந்தைய படங்களில் பார்த்ததுதான். அதைச் சுருக்கிவிட்டுச் சீக்கிரம் களத்துக்குப் போகலாம்.

அல்சூர் பூங்கொடி

அங்கேதான் கைவைக்கக் கூடாது தம்பி! லூயெல்லாவை நினைத்துப் பார். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண், தேர் ஊர்வல விபத்தில் செத்துப்போகிறாள். கேபிடல் என்ன செய்கிறது? அவள் சாயலில் வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து அதே பெயரைச் சூட்டி நிறுத்திவிடுகிறது. ஹேமிட்சுக்கு, மேசிலிக்கு, அவர்களோடு வந்த வையட்டுக்குத் தெரியும், இவள் அவள் இல்லை என்று. நாட்டுக்குத் தெரியாது. போகப்போக அந்த வேற்றுப் பெண்ணையும் இவர்கள் தங்கள் பிள்ளையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பொய்யைத் திணித்தவனிடம் காட்ட வேண்டிய வெறுப்பை அந்தக் குழந்தைமேல் காட்டவில்லை. களத்தில் நடக்கும் எந்தச் சண்டையையும்விட எனக்கு இதுதான் பெரிது. இதை வெட்டினால் நான் இந்தப் படத்தை மன்னிக்க மாட்டேன்.

ஜாலஹள்ளி மூர்த்தி

சத்தியமான பேச்சு. என் பேத்தி அந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய் அவள் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

ஒரு நம்பிக்கையும் சொல்கிறேன். 'மாக்கிங்ஜே' முதல் பாகத்தைக் கார்த்தி ஜவ்வு என்கிறார். அதில் காட்னிஸைக் கிளர்ச்சிக்காரர்கள் ஸ்டுடியோவுக்குள் நிறுத்திப் பிரசாரப் படம் எடுக்கும் காட்சி ஒன்று உண்டு. மரக்கட்டை மாதிரி வசனம் பேசுவாள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். பிறகு நிஜமான ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்ததைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து வருவது தீ. எடுக்கப்பட்டதற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை இதே இயக்குநர் ஒருமுறை காட்டியிருக்கிறார். அவரால் முடியும்.

அல்சூர் பூங்கொடி

அந்தக் காட்சி இருக்கிறதே சார்! அதை மறுபடி பார்க்கப் போகிறேன். முதல் படத்தில் கேரி ராஸ் கட்டுப்பாட்டு அறையையும், ரோஜாத் தோட்டத்தில் ஸ்னோ பேசுவதையும் சேர்த்ததுபோல, இதிலும் ப்ளூடார்க்கின் எடிட்டிங் அறையைக் காட்டினால் தப்பில்லை. ஜெஸ்ஸி ப்ளெமன்ஸ் நடிக்கிறார், வசனம் குறைவாக வைத்தாலே போதும்.

படம் தொடங்கி கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஓடிய பையனைச் சுடுவதைக் காட்டி, கூட்டத்தை மறுபடி நிற்கவைத்து, அதே பெயர் வாசிப்பை இரண்டாம் தடவையாக முழுசாக எடுத்துக் காட்டினார்கள் என்றால், மீதிப் படத்தை அவர்கள் கையில் நம்பிக் கொடுத்துவிடலாம்.

ரேவதி பானஸ்வாடி

மூன்று புத்தகத்துக்கும் இன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன், மகளுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். இன்னொரு விஷயம்: தமிழ் டப்பிங் வந்தால் பெங்களூரில் போடுவார்களா என்று சந்தேகம்தான். ஓசூரில் எந்தத் தியேட்டரிலாவது வந்தால் யாராவது இங்கே சொல்லுங்கள். மாமியாருக்கு ஆங்கிலம் வராது, ஆனால் பேத்தி என்ன பார்க்கிறாள் என்று அவரும் கூடவே வந்து பார்க்க வேண்டுமாம்.

கோரமங்களா கார்த்தி

எலக்ட்ரானிக் சிட்டியில் என் நண்பன் இருக்கிறான் அக்கா, வாரம் தவறாமல் ஓசூர் போய்ப் படம் பார்ப்பவன். முன்பதிவு தொடங்கியதும் விசாரித்து இதே இழையில் போடுகிறேன். பாட்டிக்கு முதல் மூன்று கதையையும் முன்னாடியே சொல்லி வையுங்கள், முக்கியமாக அந்தக் கோடரி விஷயத்தை.